ஓக் படிகளை டார்க் ஓக்காக மாற்றினேன், கூரையின் பாதி தலைகீழாகப் போய்விட்டது

செங்கல்சூளை எழுதியது:

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் ஏழு மாதமாக ஒரு பெரிய நூலகம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிழக்கு மேற்காக 48 பிளாக், வடக்கு தெற்காக 30 பிளாக், தரையிலிருந்து கூரை முகடு வரை 31. கூரை முழுக்க ஓக் படிகளால் ஆனது, இரண்டு சரிவு. நேற்று அது டார்க் ஓக்கில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதால் ஃபில் கட்டளையில் (ஒரு பெட்டி அளவு இடத்தை மொத்தமாக நிரப்புவது) ரீப்ளேஸ் போட்டேன், அதாவது ஒரு பிளாக்கைத் தேடி வேறொன்றாக மாற்றச் சொன்னேன். கட்டடம் முழுவதையும் ஒரே கட்டளையில் கொடுத்தபோது எண்ணிக்கை அதிகம் என்று மறுத்துவிட்டது. அதனால் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டும் ஓடின. திரும்பிப் பார்த்தால் வடக்குச் சரிவில் உள்ள எல்லாப் படிகளும் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கின்றன, கூரையோரத்தில் கவிழ்த்து வைத்திருந்த வரிசை நிமிர்ந்துவிட்டது. உள்ளே நாற்காலியாக வைத்திருந்த படிகள், மாடிப்படிகள் எல்லாமே வடக்கைப் பார்க்கின்றன. தெற்குச் சரிவு மட்டும் எப்படியோ சரியாக இருக்கிறது.

இதைக் கையால் திருத்த வேண்டும் என்றால் ஒரு வாரம் போய்விடும். வேறு வழி இருக்கிறதா? ஏன் இப்படி ஆனது என்றும் யாராவது சொன்னால் நல்லது, இன்னொரு முறை இதே தவறைச் செய்ய விருப்பமில்லை.

(இங்கே என் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான், அதனால் கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். பதில் சொல்பவர்களும் அப்படியே எழுதலாம், விளையாட்டில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்கிறேன்.)

நான் கொடுத்தது இது (முதல் மூன்று எண்கள் பெட்டியின் ஒரு மூலை, அடுத்த மூன்று எதிர்மூலை; எக்ஸ் கிழக்கு மேற்கு, ஒய் உயரம், இசட் வடக்கு தெற்கு என்ற வரிசையில்):
/ஃபில் 100 64 -40 123 94 -11 டார்க்_ஓக்_ஸ்டேர்ஸ் ரீப்ளேஸ் ஓக்_ஸ்டேர்ஸ்
அப்புறம் இதையே எக்ஸ் 124 முதல் 147 வரை.


மூலைக்கல் எழுதியது:

முதலில் ஒரு விஷயம், பதற்றத்தில் வேறு எந்தக் கட்டளையும் கொடுக்க வேண்டாம். விளையாட்டை மூடி, உலகக் கோப்புறையை இப்போதிருக்கும் நிலையிலேயே ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஃபில்லுக்கு அன்டூ கிடையாது. சேதத்தோடு இருக்கும் நிலையும் ஒரு நிலைதான், திருத்தப் போய் இன்னும் கெட்டால் குறைந்தது இங்கே திரும்பி வரலாம்.

ஏன் ஆனது என்று கேட்டீர்கள். நமக்கு 'ஓக் படி' என்பது ஒரே பிளாக். விளையாட்டுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு படியோடும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது, நிமிர்ந்ததா கவிழ்ந்ததா, மூலைப்படியா நேர்ப்படியா, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்ற நான்கு தகவல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 4 திசை, 2 பாதி, 5 வடிவம், 2 தண்ணீர் நிலை, பெருக்கினால் ஒரே ஓக் படிக்கு 80 நிலைகள். எஃப்3 அழுத்திவிட்டு ஒரு படியைப் பாருங்கள், திரையின் வலப்பக்கம் இவை எல்லாம் வரிசையாகத் தெரியும்.

கட்டளையில் இந்தத் தகவலைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். ரீப்ளேஸுக்குப் பின்னால் எழுதும் பிளாக், அதாவது தேடப்படும் பிளாக், அதில் நிலை சொல்லாவிட்டால் 'எந்த நிலையில் இருந்தாலும் எடு' என்று அர்த்தம். ரீப்ளேஸுக்கு முன்னால் எழுதும் பிளாக், அதாவது புதிதாக வைக்கப்படும் பிளாக், அதில் சொல்லாவிட்டால் 'இயல்புநிலையில் வை' என்று அர்த்தம். படிக்கு இயல்புநிலை வடக்கு, நிமிர்ந்தது. நீங்கள் இரண்டு பக்கமும் எதுவும் சொல்லவில்லை. எனவே எண்பது நிலையில் இருந்ததையும் அள்ளி எடுத்து ஒரே நிலையில் வைத்துவிட்டது. பழைய பிளாக்கின் திசையைப் புதிய பிளாக்குக்குக் கொண்டுபோகும் வேலையை ஃபில் செய்வதே இல்லை.

தெற்குச் சரிவு சரியாக இருப்பதும் இதனால்தான். படியின் ஃபேசிங் என்பது அதன் உயரமான முதுகு இருக்கும் பக்கம். தெற்குச் சரிவில் முகடு வடக்கே இருக்கிறது, அதனால் அந்தப் படிகள் முதலிலேயே ஃபேசிங்=நார்த். இயல்புநிலையும் அதுவே. ஒத்துப்போய்விட்டது.

இனித் திருத்தம். கூரையைப் பொறுத்தவரை நீங்கள் பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் சரிவுக் கூரையில் திசை என்பது இடத்தோடு கட்டுண்டது. வடக்குச் சரிவில் இருக்கும் எல்லாப் படியும் தெற்கைத்தான் பார்க்க வேண்டும். கூரை 80ஆம் உயரத்தில் தொடங்கி 94இல் முடிகிறது என்று வைத்துக்கொண்டால்:

/ஃபில் 100 80 -40 147 94 -26 டார்க்_ஓக்_ஸ்டேர்ஸ்[ஃபேசிங்=சவுத்] ரீப்ளேஸ் டார்க்_ஓக்_ஸ்டேர்ஸ்

பெட்டியின் அளவு 48 × 15 × 15, அதாவது 10800. வரம்புக்குள் வருகிறது. 15 வரிசை, வரிசைக்கு 48 என்றால் 720 பிளாக் நிரப்பப்பட்டது என்று செய்தி வர வேண்டும். அந்த எண்ணைக் கவனியுங்கள், அதிகமாக வந்தால் கூரையில் இல்லாத ஏதோ ஒன்றையும் தொட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

கூரையோர வரிசை ஒரே உயரத்தில் இருந்தால் அதற்கு இரண்டு கட்டளை. உயரம் 79 என்றால் வடக்கோரம் இப்படி:

/ஃபில் 100 79 -40 147 79 -40 டார்க்_ஓக்_ஸ்டேர்ஸ்[ஃபேசிங்=சவுத்,ஹாஃப்=டாப்] ரீப்ளேஸ் டார்க்_ஓக்_ஸ்டேர்ஸ்

தெற்கோரம் இதே மாதிரி, இசட் -11, ஃபேசிங்=நார்த், ஹாஃப்=டாப். மூலைப்படி வடிவத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதைப் பக்கத்துப் படிகளைப் பார்த்து விளையாட்டே தீர்மானித்துக்கொள்ளும்.

நாற்காலிகளுக்கு இந்த முறை உதவாது. அவை எந்தப் பக்கம் பார்த்தன என்பது இப்போது உலகத்தில் எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. பழைய நகல் ஏதாவது இருக்கிறதா?


செங்கல்சூளை எழுதியது:

தேடப்படும் பிளாக்கில் சொல்லாதது ஒன்று, வைக்கும் பிளாக்கில் சொல்லாதது வேறொன்று. இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதே இல்லை, இப்போது எல்லாம் புரிகிறது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவதால் ஒரே மாதிரிதான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

பழைய நகல் ஒன்று இருக்கிறது, ஆனால் மூன்று வாரத்துக்கு முந்தையது. அதில் கூரை இல்லை. உள்ளே நாற்காலிகள், மாடிப்படிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்த மூன்று வாரத்தில் உள்ளே அலமாரிகள், விளக்குகள், வரைபடச் சுவர் என்று நிறையச் சேர்த்திருக்கிறேன், அதை இழக்க முடியாது. எனவே நகலைத் திரும்ப வைப்பது சரிவராது.


பாசிக்கல் எழுதியது:

மூலைக்கல் சொன்னது எல்லாம் சரி. கூரையை அப்படியே செய்யுங்கள்.

நாற்காலிகளுக்கு நகலை முழுதாகத் திரும்ப வைக்க வேண்டியதில்லை, அதிலிருந்து படிகளை மட்டும் எடுத்து வரலாம். குளோன் கட்டளைக்கும் ஃபில்லுக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். ஃபில் புதிதாக வைக்கிறது, நிலையை மறந்துவிடுகிறது. குளோன் இருக்கும் பிளாக்கை அதன் நிலையோடு படியெடுக்கிறது. அதோடு குளோனில் ஃபில்டர்ட் என்று போட்டால் நீங்கள் சொல்லும் பிளாக் மட்டுமே போகும், மற்றதைத் தொடாது.

வேலை இரண்டு கட்டம். முதலில் பழைய நகலை ஒரு தனி உலகமாகத் திறந்து, அங்கே ஸ்ட்ரக்சர் பிளாக் (கட்டடத்தைக் கோப்பாகச் சேமித்து வேறிடத்தில் வைக்க உதவும் பிளாக்) ஒன்றை கிவ் கட்டளையால் வரவழைத்து நூலகத்தைச் சேவ் செய்யுங்கள். ஜாவாவில் ஸ்ட்ரக்சர் பிளாக் ஒரு பக்கத்துக்கு 48 பிளாக் வரை எடுக்கும், 2020இல் வந்த 1.16 முதல் இந்த அளவு, அதற்கு முன் 32. உங்கள் கட்டடம் 48 நீளம் என்பதால் மயிரிழையில் அடங்குகிறது. சேவ் ஆன கோப்பு அந்த உலகக் கோப்புறைக்குள் ஜெனரேட்டட், அதற்குள் மைன்கிராஃப்ட், அதற்குள் ஸ்ட்ரக்சர்ஸ் என்ற இடத்தில் இருக்கும். அதை எடுத்து இப்போதைய உலகத்தில் அதே பாதையில் போடுங்கள்.

அடுத்து இப்போதைய உலகத்தில் நூலகத்துக்குப் பக்கத்தில் காலியிடம் பார்த்து லோட் செய்யுங்கள். ரொம்பத் தூரத்தில் வேண்டாம், இரண்டு இடமும் ஒரே நேரத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் ஏற்றப்படவில்லை என்று கட்டளை மறுத்துவிடும். எக்ஸ் 160 முதல் 207 வரை வருமாறு, உயரமும் இசட்டும் மாறாமல் வைத்தால் கணக்கு எளிது. அப்புறம்:

/குளோன் 160 64 -40 207 78 -11 100 64 -40 ஃபில்டர்ட் ஓக்_ஸ்டேர்ஸ்

48 × 15 × 30, அதாவது 21600. ஒரே கட்டளையில் முடியும். கடைசி மூன்று எண்களில் போய்ச் சேரும் இடத்தின் வடமேற்குக் கீழ்மூலையைக் கொடுக்க வேண்டும், இதைத் தவறாகக் கொடுத்தால் நாற்காலிகள் சுவருக்குள் போய்விடும். சரியாகக் கொடுத்தால் பழைய நாற்காலிகள் எல்லாம் பழைய திசையோடு வந்து உட்காரும், அலமாரி, விளக்கு எதுவும் அசையாது. மூன்று வாரத்துக்குள் ஏதாவது நாற்காலியை அகற்றியிருந்தால் அதுவும் திரும்ப வரும், அதை மட்டும் கையால் எடுங்கள்.


தூண்டில்காரன் எழுதியது:

இழைக்குக் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இவ்வளவு சுற்று எதற்கு? முதலிலேயே வேர்ல்ட்எடிட் (விளையாட்டில் கூடுதலாக நிறுவும் மாட்) போட்டிருந்தால் ஒரே வரி. நூலகத்தைக் கோடரியால் இரண்டு மூலை தொட்டுத் தேர்ந்தெடுத்து,

//ரீப்ளேஸ் ஓக்_ஸ்டேர்ஸ் ^டார்க்_ஓக்_ஸ்டேர்ஸ்

அந்தக் கூரைக்குறி முக்கியம். அது இருந்தால் பிளாக்கின் வகையை மட்டும் மாற்றும், திசை, பாதி எல்லாம் இருந்தபடியே இருக்கும். பிடிக்காவிட்டால் //அன்டூ. நான் மூன்று வருடமாக வெறும் ஃபில் தொட்டதே இல்லை.


மூலைக்கல் எழுதியது:

வேர்ல்ட்எடிட் நல்ல கருவி, அந்தக் கூரைக்குறி ஒன்றுக்காகவே போடலாம், அன்டூவும் பெரிய வரம். ஆனால் எல்லோராலும் மாட் போட முடியாது, பலர் விளையாடும் சர்வரில் ஆபரேட்டர் அனுமதி மட்டும்தான் இருக்கும், ஏதாவது நிறுவ அனுமதி இருக்காது. விளையாட்டோடு வரும் கட்டளையிலேயே எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது எங்கே போனாலும் கைகொடுக்கும்.

அந்த முறையையும் எழுதிவிடுகிறேன், இழையைப் பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும். படிகளை மாற்ற ஒரு கட்டளை போதாது, எட்டு வேண்டும். நான்கு திசை, ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்தது ஒன்று, கவிழ்ந்தது ஒன்று. ஒவ்வொரு கட்டளையிலும் தேடும் பக்கத்திலும் வைக்கும் பக்கத்திலும் ஒரே நிலையை எழுத வேண்டும்:

/ஃபில் ... டார்க்_ஓக்_ஸ்டேர்ஸ்[ஃபேசிங்=ஈஸ்ட்,ஹாஃப்=பாட்டம்] ரீப்ளேஸ் ஓக்_ஸ்டேர்ஸ்[ஃபேசிங்=ஈஸ்ட்,ஹாஃப்=பாட்டம்]

இப்படியே மற்ற ஏழும். குளத்தோரத்தில் தண்ணீருக்குள் இருக்கும் படிகள் உண்டென்றால் வாட்டர்லாக்டையும் சேர்க்க வேண்டும், அப்போது பதினாறு. மரக்கட்டைகளுக்கு ஆக்சிஸ் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று. இதைக் கவனிக்காமல் ஓக் கட்டையை ஸ்ப்ரூஸ் கட்டையாக மாற்றினால் படுத்திருந்த உத்தரங்கள் எல்லாம் நிமிர்ந்த வாக்கில் வந்து நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கத்தில் போனால் உத்தரத்தின் அடிப்பக்கம் முழுக்க வெட்டுமுகம் தெரியும். பலகை, கல், கம்பளி, கண்ணாடி போன்றவற்றுக்குத் திசை கிடையாது, அவற்றை நேரடியாக மாற்றலாம். கதவு, கட்டில் இரண்டையும் கையால் மாற்றுவதே மேல், இரண்டு பிளாக் சேர்ந்த பொருள் என்பதால் ஒரு பாதியைத் தொட்டால் மறுபாதி உடைந்துவிடும்.

எட்டுக் கட்டளையை ஒவ்வொன்றாகத் தட்டுவது அலுப்பாக இருந்தால் டேட்டாபேக்கில் (உலகத்தோடு சேர்க்கும் கோப்புத் தொகுப்பு) ஒரு ஃபங்ஷன் கோப்பாக, அதாவது கட்டளைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளலாம். கோப்புக்குள் முன்சாய்கோடு போடக் கூடாது, அது ஒன்றுதான் விதி. 2017இல் 1.12 வந்ததிலிருந்து ஃபங்ஷன் இருக்கிறது. கோப்புறையின் பெயர் மட்டும் 1.21இல் ஃபங்ஷன்ஸ் என்பதிலிருந்து ஃபங்ஷன் என்று மாறியது, பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இதனால் ஓடாமல் போகும்.


ஏணிப்படி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். வரம்பு வரம்பு என்கிறீர்களே, சரியாக எவ்வளவு? எனக்கும் ஒரு முறை மறுத்தது, அப்போது நான் 32க்கு 32க்கு 33தான் கொடுத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.


பாசிக்கல் எழுதியது:

32768. நீங்கள் சொன்ன பெட்டி 33792, அதனால்தான் மறுத்தது. 32 × 32 × 32 சரியாக 32768. எண்ணும்போது இரண்டு முனையும் சேரும் என்பதை மறக்காதீர்கள், 100 முதல் 132 வரை என்றால் 33 பிளாக், 32 இல்லை. முக்கால்வாசிப் பேருக்குக் கட்டளை மறுப்பது இந்த ஒன்றால்தான்.

இன்னொரு கணக்கும் வசதியானது. 2021இல் வந்த 1.18 முதல் உலகத்தின் உயரம் -64இலிருந்து 319 வரை, மொத்தம் 384. ஒரு சங்க் (விளையாட்டு உலகத்தைப் பிரித்து ஏற்றும் துண்டு) 16 × 16, உயரத்தோடு பெருக்கினால் 98304. அதாவது சரியாக மூன்று ஃபில். ஒரு சங்க்கில் ஏதாவது ஒரு பிளாக்கை அடியிலிருந்து மேல்வரை மாற்ற 128 உயரமாக மூன்று துண்டு போட்டால் மீதி எதுவும் இருக்காது. எஃப்3 உடன் ஜி அழுத்தினால் சங்க் எல்லைகள் தெரியும்.

ஜாவாவில் 1.19.4 முதல் இந்த வரம்பை கேம்ரூல் (உலகத்தின் விதிகளை மாற்றும் கட்டளை) மூலம் கூட்டலாம், வந்தபோது அதன் பெயர் கமாண்ட்மாடிஃபிகேஷன்பிளாக்லிமிட். கூட்டலாம் என்பதற்காக லட்சக்கணக்கில் போடாதீர்கள், பெரிய பெட்டிக்கு விளையாட்டு சில நொடி உறைந்து நிற்கும், பலர் இருக்கும் சர்வரில் எல்லோருக்கும் உறையும். எனக்கு அந்தச் சிறிய வரம்பு பிடிக்கும். பெட்டியைச் சின்னதாகப் போடும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் யோசிக்கிறோம்.


வெண்பளிங்கு எழுதியது:

செங்கல்சூளைக்கு நடந்தது எனக்கு வேறு மாதிரி நடந்திருக்கிறது, இங்கே எழுதினால் யாருக்காவது பயன்படும். தொங்குதோட்டம் ஒன்று கட்டியிருந்தேன், கூரையிலிருந்து இலைகள் மட்டும் தொங்கும், பக்கத்தில் மரக்கட்டையே கிடையாது. ஓக் இலையைச் செர்ரி இலையாக மாற்றினேன். அழகாக மாறியது. அப்புறம் வேறு வேலையாகச் சுரங்கத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பாதித் தோட்டம் இல்லை, தரையெல்லாம் மரக்கன்று.

காரணம் மூலைக்கல் சொன்ன அதே இயல்புநிலை. கையால் வைக்கும் இலைக்கு பெர்சிஸ்டன்ட்=ட்ரூ என்று விளையாட்டே போட்டுக்கொடுக்கிறது, அதனால் அது உதிராது. கட்டளையால் வைக்கும் இலைக்கு இயல்புநிலை ஃபால்ஸ். மரக்கட்டையிலிருந்து ஆறு பிளாக்குக்கு மேல் விலகியிருந்தால் அது உதிரத் தொடங்கும். உடனே உதிராது, ஒவ்வொன்றாக உதிரும், அதனால்தான் கட்டளை கொடுத்த நொடியில் தவறு தெரிவதில்லை. செர்ரி_லீவ்ஸ்[பெர்சிஸ்டன்ட்=ட்ரூ] என்று எழுதியிருந்தால் தோட்டம் இன்றும் இருந்திருக்கும். நான்கு மாத வேலை. இன்னும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.


ஏணிப்படி எழுதியது:

வெண்பளிங்கு, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் இலை மாற்றுவதாகத்தான் இருந்தேன், நல்லவேளை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். சதுரங்கத் தரை, கறுப்புக் கம்பளியும் வெள்ளைக் கம்பளியும். இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். கறுப்பை வெள்ளையாக்கினால் எல்லாமே வெள்ளையாகிவிடுகிறது, அதற்குப் பிறகு எது பழைய வெள்ளை என்று தெரியவில்லை.


மூலைக்கல் எழுதியது:

நடுவில் மூன்றாவது பிளாக் ஒன்று வேண்டும். அந்தப் பெட்டிக்குள் எங்கேயும் இல்லாத பிளாக்காக இருக்க வேண்டும், அது கட்டாயம். கறுப்பை முதலில் ஸ்பஞ்சாக மாற்றுங்கள், வெள்ளையைக் கறுப்பாக மாற்றுங்கள், பிறகு ஸ்பஞ்சை வெள்ளையாக மாற்றுங்கள். நடுப் பிளாக்காகக் காற்றை மட்டும் எடுக்காதீர்கள். கடைசிக் கட்டளையில் 'காற்றை வெள்ளையாக்கு' என்றால் அறையில் உள்ள காற்று முழுக்கக் கம்பளியாகிவிடும். மேலே இருக்கும் தீப்பந்தம், கம்பளம், தண்டவாளம் எல்லாம் தாங்கும் பிளாக் காற்றானதும் உதிர்ந்துவிடும். கெட்டியான பிளாக்கிலிருந்து கெட்டியான பிளாக்குக்கு நேராகப் போனால் அவை அசையாமல் இருக்கும்.


தூண்டில்காரன் எழுதியது:

சரி, இப்போது நானும் ஒன்று கேட்கிறேன், இதற்கு வேர்ல்ட்எடிட் இல்லாத சர்வர், எனவே உங்கள் வழியில்தான் செய்ய வேண்டும். ஒரு ஏரியை வற்றவைக்க வேண்டும். தண்ணீரைக் காற்றாக மாற்றினேன், ஓரத்திலிருந்து திரும்ப வழிந்து நிரம்புகிறது. அடியில் பாசிச் செடிகள் இருக்கும் இடத்தில் தண்ணீர் போகவே இல்லை.


பாசிக்கல் எழுதியது:

கடற்புல்லும் கெல்ப்பும் தனிப் பிளாக், ஆனால் அவற்றுக்குள் தண்ணீர் நிரந்தரமாக இருக்கும். வாட்டர் என்று தேடினால் அவை அகப்படாது, அப்புறம் அவை உடையும்போது அந்த இடத்தில் தண்ணீர் மிஞ்சும். எனவே முதலில் அவற்றைத் தண்ணீராக மாற்றுங்கள்: சீகிராஸ், டால்_சீகிராஸ், கெல்ப், கெல்ப்_பிளான்ட், நான்குக்கும் தனித்தனியாக. வேலியோ படியோ தண்ணீருக்குள் இருந்தால் அதன் வாட்டர்லாக்ட்=ஃபால்ஸ் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்தும் ஊற்றெடுக்கும்.

அப்புறம் தண்ணீரை நேராகக் காற்றாக்காமல் முதலில் முழு ஏரியையும் கண்ணாடியாக்குங்கள், ஏரி பெரியது என்றால் துண்டு துண்டாக. எல்லாத் துண்டும் கண்ணாடியான பிறகுதான் கண்ணாடியைக் காற்றாக்க வேண்டும். ஒரு துண்டு காற்று, பக்கத்துத் துண்டு தண்ணீர் என்று ஒரு நொடி இருந்தாலும் வழியத் தொடங்கிவிடும். ஏரிக்கரையில் யாராவது கண்ணாடி வீடு கட்டியிருந்தால் வேறு பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள்.


ஏணிப்படி எழுதியது:

என் தங்கை கைப்பேசியிலும் ஓடும் பெட்ராக் பதிப்பில் விளையாடுகிறாள். அவளுக்கும் இதே எட்டுக் கட்டளைதானா?


மூலைக்கல் எழுதியது:

யோசனை அதே, எழுத்து வேறு. பெட்ராக்கில் படியின் திசைக்கு வீர்டோ_டைரக்ஷன் என்று பெயர், 0 முதல் 3 வரை எண். கவிழ்ந்ததா என்பதற்கு அப்சைட்_டவுன்_பிட். நிலையின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும், ஜாவாவில் அது தேவையில்லை. பழைய காணொளிகளில் பிளாக் பெயருக்குப் பின்னால் ஓர் எண் மட்டும் போடுவார்கள், அது இப்போது ஓடாது. ஜாவாவிலும் 2018இல் 1.13 வந்தபோது அந்த எண் முறை போய்விட்டது, அதற்கு முந்தைய வழிகாட்டிகளை அப்படியே பார்த்துத் தட்ட வேண்டாம்.

முக்கியமாக இன்னொன்று அவளிடம் சொல்லுங்கள். பெட்ராக்கில் சீட்ஸை (கட்டளைகளுக்கான அனுமதி) இயக்கினால் அந்த உலகத்தில் அதற்குப் பிறகு அச்சீவ்மென்ட் (சாதனைப் பதக்கம்) கிடைக்காது. அவளுக்கு அது முக்கியம் என்றால் உலகத்தை நகலெடுத்து நகலில் செய்து பார்க்கட்டும்.


வெண்பளிங்கு எழுதியது:

பெட்டகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை. ரீப்ளேஸால் பெட்டகத்தை பேரலாக (பீப்பாய்) மாற்றினால் உள்ளே இருக்கும் பொருள் பேரலுக்குள் போகாது. ஜாவாவில் கீழேயும் விழாது, காணாமல் போய்விடும். டெஸ்ட்ராய் போட்டால் மட்டும்தான் உடைத்த மாதிரி கீழே கொட்டும். நூலகத்தில் அலமாரி மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் காலி செய்துவிடுங்கள், செங்கல்சூளை.


செங்கல்சூளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாக உட்கார்ந்து முடித்துவிட்டேன், எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

முதலில் நகல். பிறகு வடக்குச் சரிவுக்கு மூலைக்கல் கொடுத்த கட்டளை. 729 என்று வந்தது. 720 வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் உடனே நின்றேன், இல்லாவிட்டால் அந்த எண்ணைப் பார்த்திருக்கவே மாட்டேன். தேடிப் பார்த்ததில் பரணுக்கு ஏறும் ஒன்பது படிகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன, அவையும் தெற்கே திரும்பியிருந்தன. அவை கூரையோடு சேர்த்துக் கட்டியவை, பழைய நகலிலும் கிடையாது, ஒன்பதுதானே என்று கையாலேயே வைத்துவிட்டேன். கூரையோர வரிசைகள் இரண்டும் 48, 48 என்று சரியாக வந்தன.

ஸ்ட்ரக்சர் பிளாக்கில் முதல் முறை ஒரு பிளாக் தள்ளி வைத்துவிட்டேன், மேற்குச் சுவர் வெட்டுப்பட்டது, திரும்பச் சேவ் செய்ததும் சரியானது. காலியிடத்தில் அது ஏறி நின்றபோது மூன்று வாரத்துக்கு முந்தைய நூலகம் கூரையில்லாமல் இப்போதைய நூலகத்துக்குப் பக்கத்தில் நின்றது, அதைப் பார்க்கவே நன்றாக இருந்தது, சற்று நேரம் இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். அப்புறம் குளோன். நாற்காலிகள் எல்லாம் மேசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டன, மாடிப்படி ஏற முடிகிறது.

அவை திரும்பவும் ஓக்காக வந்திருப்பதால் எட்டுக் கட்டளையையும் ஓட்ட வேண்டும் என்று ஃபங்ஷன் கோப்பு எழுதி வைத்திருந்தேன். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது இருண்ட கூரைக்குக் கீழே வெளிர் ஓக் நாற்காலிகள்தான் பொருத்தமாக இருக்கின்றன. முதலிலேயே கூரையை மட்டும் பெட்டி கட்டியிருக்கலாம், எனக்கு வேண்டியிருந்ததே அதுதான். கோப்பை ஓட்டவில்லை, வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டும் என்றால் இங்கே ஒட்டுகிறேன்.

இந்த மூன்று வாரத்துக்குள் எடுத்துவிட்டுப் புதுவாசல் வைத்த இடத்தில் பழைய நாற்காலி ஒன்று மட்டும் திரும்ப வந்து வாசலை மறித்துக்கொண்டிருந்தது, பாசிக்கல் சொன்னது போலவே. அதை உடைத்து எடுத்துவிட்டேன்.


ஏணிப்படி எழுதியது:

கோப்பை ஒட்டுங்கள், எனக்கு வேண்டும். என்னுடையது ஸ்ப்ரூஸிலிருந்து பிர்ச், பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.